கண்ணாடி அக்கா

ஒருத்திக்குக் கோபம் வந்தால் எதிரே நிற்பவர் பயப்பட வேண்டும். இல்லையென்றால் பதிலுக்குக் கத்த வேண்டும். குறைந்தபட்சம் முகத்தையாவது திருப்பிக்கொள்ள வேண்டும். ஆனால் அவளுக்குக் கோபம் வந்தால் எல்லோரும் சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் ஏறினால் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார்கள். உச்சிக்கு ஏறினால் கைதட்டினார்கள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். ஒரே ஒரு வெள்ளைக் கார், அதன் தலையில் மஞ்சள் பலகை. கற்றுக்கொள்பவர் காலடியில் இருப்பது போலவே பக்கத்து இருக்கையில் அவள் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்தான் இத்தனை வருஷமாக அவளையும், அவளிடம் படித்தவர்களையும், பாதையோரம் நடந்துபோன பாவப்பட்ட ஜனங்களையும் உயிரோடு வைத்திருந்தது. வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அந்த வாய்க்குப் பயந்தே ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். லைசென்ஸ் வாங்கிப் பல வருஷம் ஆன பிறகும், ஸ்டியரிங்கைத் தொட்டதும் அவள் பக்கத்தில் இருப்பதுபோல் முதுகை நிமிர்த்திக்கொள்வதாகப் பலர் சொல்வார்கள். அதைக் கேட்டால் அவளுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

வீட்டுக்காரர் பல்செட் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தார். பகல் முழுக்க அடுத்தவர் பல்லை ராவி வழவழப்பாக்குகிற மனுஷர். வீட்டில் தன் பல்லை அவ்வளவு சுலபமாகக் காட்டமாட்டார். பேச்சும் அளந்துதான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொண்டாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் பூஜை வேளையில் கரடி நுழைந்தது. உவமைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கரடிதான் நுழைந்தது.

அவளிடம் படித்த ஒருவனுக்கு மூணாங்கியர் என்று பட்டம் வைத்திருந்தாள். எந்த வேகத்திலும் மூன்றாவது கியரைத் தாண்டமாட்டான், அதைவிட்டுக் கீழேயும் இறங்கமாட்டான். டெஸ்ட்டில் இரண்டு தடவை தோற்றவன். அவன் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"அக்கா, நண்பருங்க எல்லாம் சேர்ந்து ஒரு சின்னப் படம் எடுக்கிறோம். காமெடிப் படம். ஒரு காலைப் பொழுது மட்டும் காரைக் குடுத்தீங்கன்னா, மதியத்துக்குள்ள வாசல்ல கொண்டாந்து விட்டுடுவோம்."

"நீ ஓட்டக் கூடாது."

"ஐயோ, நான் ஓட்டலக்கா. நான்தான் டைரக்டர். ஓட்டத் தெரிஞ்சவன் வேற இருக்கான்."

கொடுத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவளிடம் படிக்கும் இரண்டு பெண்களுக்கு டெஸ்ட் இருந்தது. மதியம் வந்தது, போனது. கார் வரவில்லை. போன் அடித்தால் எடுப்பாரில்லை. வாடகை வண்டி பிடித்து விசாரித்துக்கொண்டே போனவள், பூட்டிக் கிடந்த ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மனையில் தன் காரைக் கண்டுபிடித்தாள். கூரைமேல் ஒரு சோபாவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். டிரைவர் இருக்கையில் ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. கடை வாசலில் விளம்பரத்துக்கு நிற்பவர்கள் போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரிப் பஞ்சுக் கரடி வேஷம். தலை முதல் பாதம் வரை.

அவள் காருக்குப் பின்பக்கமாக விறுவிறுவென்று நடந்து போகும்போதே கரடி ரிவர்ஸ் எடுத்தது. பின்னால் சுவர். சுவருக்கும் காருக்கும் நடுவில் அவள். துள்ளி விலகி, டிரைவர் பக்கம் ஓடி, ஜன்னல் வழியாகக் கரடியின் காதைப் பிடித்தாள்.

"டேய்! பின்னாடி ஆள் வர்றது தெரியுதா? சுவர் நிக்கிறது தெரியுதா? ஒரு மண்ணும் தெரியாது! உட்கார்ந்தா எடுத்துட வேண்டியது! மொதல்ல கண்ணாடியப் பாரு! நீ எங்க இருக்கே, உனக்குப் பின்னாடி என்ன வருது, எவளாவது சாகக் கிடக்கிறாளா, எல்லாம் அதுல தெரியும்! மொதல்ல கண்ணாடியப் பாரு!"

கரடி நடுங்கிப்போய்ப் பஞ்சுக் கையைத் தூக்கி, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை மெல்லத் திருப்பி, அதில் தன் முகத்தைப் பார்த்தது. அதே நிலையில் அப்படியே உறைந்துபோயிற்று. இதெல்லாம் நடக்கும்போது கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

கரடியை இழுத்து வெளியே போட்டுவிட்டு, சோபாவை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் அதோடேயே டெஸ்ட் மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். கேட்டைச் சாத்திவிட்டார்கள். டெஸ்ட்டுக்காகவே லீவு போட்டு வந்திருந்த பெண்களில் ஒருத்தி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மறுநாள் சோபாவை எடுக்க வந்த மூணாங்கியர், "அக்கா, நீங்க பேசுனதைப் படத்துல வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டான்.

"என்ன கண்றாவியோ பண்ணித் தொலை. என் கண்ணுல மட்டும் படாதே."

அதைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

படம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கதையும் பிரமாதமில்லை. ஒரே அறையில் தங்கியிருக்கும் மூன்று பேர் இரவல் வாங்கிய சோபாவைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். அவர்களில் கரடி வேஷம் போடுகிறவனுக்கு ஜிப் சிக்கிக்கொண்டதால், படம் முடியும்வரை அவன் கரடியாகவே திரிகிறான். அவ்வளவுதான். தியேட்டரில் ஈ ஓட்டினார்கள். அவளும் எட்டிப் பார்க்கவில்லை.

சில வருஷம் கழித்துத்தான் வினை முளைத்தது. எந்த விடுதி மாணவன் தோண்டி எடுத்தானோ, படம் கைப்பேசி கைப்பேசியாகப் பரவியது. வெளிச்சம் சரியில்லை, ஒரு காட்சியில் மைக் தொங்குவது தெரிகிறது, ஒருத்தனுடைய சட்டை பேச்சின் நடுவிலேயே நிறம் மாறுகிறது. அதையெல்லாம் சொல்லிச் சொல்லியே மறுபடி மறுபடி பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் காட்சி. எங்கிருந்தோ வந்து கரடியின் காதைப் பிடித்துத் திருகிவிட்டு, பெயரும் இல்லாமல், திரும்பியும் வராமல், சோபாவோடு போய்விடுகிற அந்தப் பொம்பளை. அவளுக்குக் கண்ணாடி அக்கா என்று பெயர் வைத்தார்கள். காரின் பின்புறம் ஒட்டுவதற்கு, கரடி முகத்துக்குக் கீழே "மொதல்ல கண்ணாடியப் பாரு" என்று ஸ்டிக்கர் வந்தது. பனியன் வந்தது. வாழ்க்கையே அந்த வசனத்தில் அடங்கியிருப்பதாகச் சொல்லி யாரோ கட்டுரைகூட எழுதினார்கள்.

வம்பு என்னவென்றால், அவளுக்கு அது வசனமில்லை. தொழில். நாளைக்கு நூறு தடவை சொல்ல வேண்டிய வார்த்தை. வண்டியை எடுக்கும் முன் கண்ணாடி, திருப்பும் முன் கண்ணாடி, நிறுத்தும் முன் கண்ணாடி. இப்போது அவள் "மொதல்ல" என்று ஆரம்பித்தாலே ஸ்டியரிங் பிடித்திருப்பவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிக்கிறவர் காலில் கிளட்ச் நிற்குமா? வண்டி தவளை மாதிரி தத்தியது. "பின்னால பாரு" என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். ஒருவர் கழுத்தையே முழுசாகத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி நடைபாதைமேல் ஏற்றிவிட்டார். "மிரர்" என்றாள். அவள் நழுவப் பார்க்கிறாள் என்று புரிந்துகொண்டு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். ஆட்கள் சேர்ந்தது என்னவோ உண்மை. ஓட்டக் கற்க வந்தவர்களைவிட அவளிடம் ஒரு திட்டு வாங்கிப் போக வந்தவர்களே அதிகம்.

"நீங்க அந்தப் படத்தைப் பார்த்தீங்களா?" என்று ஒருநாள் சாப்பிடும்போது வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"பாதி."

"சிரிச்சீங்களா?"

அவர் தட்டைப் பார்த்தார். அவள் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பயிற்சி மைதானத்துக்குத் திரும்பும் முனையில் சாக்கடை மூடி ஒன்று உடைந்து விழுந்தது. வாய் பிளந்த குழி. ஸ்டியரிங்கை இப்போதுதான் பிடித்துப் பழகுகிறவர்கள் அகலமாகத் திரும்புகிற இடம் அது. நடுவில் யாரோ ஒரு மரக்கிளையை நட்டுவைத்தார்கள். அது காய்ந்துபோயிற்று, மூடி வரவில்லை. அவள் நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள்.

சாலைப் பிரிவு அதிகாரி மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அவள் நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். அவர் "பார்க்கலாம்மா, ஆள் இல்ல, மூடி ஸ்டாக் இல்ல" என்று இழுத்தபோதுதான் குரல் ஏறியது.

"யாராவது விழுந்து செத்தாத்தான் ஸ்டாக் வருமா சார்?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட! நீங்க அந்தக் கண்ணாடி அக்காதானே? அதானே பார்த்தேன், குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு! ஏய், எல்லாரும் இங்க வாங்க!"

நான்கு மேஜையிலிருந்தும் எழுந்து வந்தார்கள். டீ வந்தது. வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "ஒரே ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கக்கா" என்று கெஞ்சினார்கள். அவள் குழியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அது அவர்களுக்கு அடுத்த காட்சி மாதிரி இருந்தது. டீ கிளாஸை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவமானப்படுத்தி அனுப்பியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். டீ கொடுத்து அனுப்பியவர்களை என்ன செய்வது?

இந்த வெறுப்புக்கு நடுவில் ஒரே ஆறுதலாக வந்து சேர்ந்தவர் நர்ஸம்மா. பெரிய மருத்துவமனையில் நர்ஸ். அவளைவிட இரண்டொரு வயது இளையவர். வேலை மாற்றலாகிப்போன இடத்துக்குச் சரியான பஸ் இல்லாததால் கார் கற்க வந்தார். முதல் நாளே கண்ணாடியைப் பார்க்காமல் எடுக்கப் போனார். அவளும் பழக்கத்தில் கத்திவிட்டாள். கத்திவிட்டு, சிரிப்புக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. முகம் வெளுத்து, "சாரிக்கா" என்று சொல்லி, கண்ணாடியைச் சரிசெய்து, அதில் ஒழுங்காகப் பார்த்தார்.

அவளுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. "ஒரு நல்ல ஆள் வந்திருக்காங்க. பயப்படுறாங்க!" என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். நர்ஸம்மாவுக்கு மட்டும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாள். கத்த வேண்டிய இடத்தில் நிம்மதியாகக் கத்தினாள். நகராட்சி அலுவலகத்தில் நடந்ததையும் அவரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டாள்.

அதற்குள் மூணாங்கியர் வந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. "அக்கா, ஞாயிற்றுக்கிழமை காலைல ஒரு தியேட்டர்ல நம்ம படத்தைத் திரும்பப் போடறோம். டிக்கெட் எல்லாம் போயிடுச்சு. நீங்க வந்து மேடையில ரெண்டு வார்த்தை பேசினா..."

கதவைச் சாத்தப்போனவள் நின்றாள். நிறைந்த தியேட்டர். கையில் மைக். குழியைப் பற்றி ஊரறியச் சொல்ல வேறு எப்போது வாய்க்கும்? "வர்றேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவள் படத்தை முதல்முறையாகப் பார்த்தாள். வந்தவர்களில் பாதிப்பேர் கரடிக் காது மாட்டியிருந்தார்கள். திரையில் பேசுவதற்கு முன்னாலேயே வசனத்தைச் சொன்னார்கள். மைக் தொங்கும் இடத்தில், வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை வரவேற்பதுபோல் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். சட்டை நிறம் மாறியதும் தாங்களும் சட்டையைக் கழற்றி வேறொன்று போட்டுக்கொண்டார்கள். இதென்ன பைத்தியக்கார ஆஸ்பத்திரியா என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் ஒன்று கண்ணில் பட்டது. தனித்தனியாக வந்தவர்கள்கூட யாரும் தனியாக இருக்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் தோளில் தட்டிக்கொண்டார்கள். பெரிய படமாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இந்த ஓட்டைப் படத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

அவள் காட்சி வந்தது. அரங்கம் மொத்தமும் எழுந்தது. ஒவ்வொருவரும் பையிலிருந்து ஒரு சின்னக் கைக்கண்ணாடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார்கள். திரை வெளிச்சம் அத்தனை கண்ணாடியிலும் பட்டுக் கூரையெல்லாம் சிதறியது. "மொதல்ல கண்ணாடியப் பாரு!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். அந்த வெளிச்சத்தில், இரண்டு வரிசை தள்ளி, வாய் நிறையக் கத்திக்கொண்டிருந்த ஒரு முகத்தை அவள் பார்த்தாள். நர்ஸம்மா.

அதற்குப் பிறகு மேடையில் நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? அவள் மைக்கைப் பிடித்து, "மைதானத்து முனையில ஒரு குழி இருக்கு" என்றாள். சிரிப்பு. "சிரிக்காதீங்க, நான் நிஜமாத்தான் சொல்றேன்" என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. "யாராவது விழுந்து சாகப்போறாங்க!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். கைதட்டலில் மைக்கே கேட்கவில்லை.

தியேட்டரின் பின்படிக்கட்டில் மூணாங்கியரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, அன்னிக்கு நான் நடிக்கலன்னு உனக்குத் தெரியும்ல? அப்புறம் எதுக்குடா வெச்சே?"

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "என்னக்கா பண்ணச் சொல்றீங்க? ராப்பகலா உட்கார்ந்து எழுதினேன். எடிட் பண்றப்போ பார்த்தா நான் எழுதின எதுக்கும் சிரிப்பே வரல. எல்லாம் நடிக்கிறாங்க. நீங்க மட்டும்தான் உண்மையாப் பேசினீங்க. அதனாலதான் வெச்சேன்." தலையைச் சொறிந்துகொண்டான். "அதுக்கப்புறம் நான் மூணு படம் எடுத்துட்டேன். நாயா அலைஞ்சு, நல்லா எடுத்தேன். யார் பார்த்தா? எங்க போனாலும் அந்தக் கரடி சீனைப் பத்தித்தான் கேக்கிறாங்க. அதுல நான் எழுதினது ஒரு வரி கிடையாது. உங்களையாவது 'அக்கா'ன்னு கூப்பிடறாங்க. என்னை யாருன்னே தெரியாது."

அவனை நாலு அறை அறைய வேண்டும் என்று வந்தவளுக்குக் கை எழவில்லை. அதுவும் ஒரு எரிச்சலாகத்தான் இருந்தது.

நர்ஸம்மாவுக்கு நடந்த அடுத்த வகுப்பில் அவள் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. நர்ஸம்மாவே வண்டியை ஓரங்கட்டினார்.

"கோபமாக்கா?"

"நீங்களும் படம் பார்க்கத்தான் வந்தீங்க. கார் ஓட்ட வரல."

"ஓட்டத்தான்க்கா வந்தேன். உங்ககிட்ட வந்ததுதான் படத்தால." நர்ஸம்மா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வார்டுல டாக்டர் கத்துவாரு, நோயாளி கத்துவாரு, பார்க்க வந்த சொந்தக்காரங்க எல்லாரையும்விடக் கத்துவாங்க. நான் மட்டும் யாரையும் பார்த்துக் கத்தக் கூடாது. வீட்டுக்குப் போய் அந்தச் சீனைப் போட்டுப் பார்ப்பேன். நானே ஒருத்தன் காதைப் பிடிச்சுத் திருகின மாதிரி இருக்கும். அப்புறம்தான் தூக்கம் வரும்."

"உங்களுக்குக் கத்தின மாதிரி இருக்கு" என்றாள் அவள். "எனக்குக் கத்துறதுக்கு வாயே இல்லாமப் போச்சு. அது தெரியுமா உங்களுக்கு?"

 நர்ஸம்மா கண்ணாடியைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். இரண்டு பேருக்கும் மனசு வண்டியில் இல்லை. மைதானத்து முனையில் நர்ஸம்மா அகலமாகத் திருப்பினார். அவள் பிரேக்கில் காலை வைப்பதற்குள் முன்சக்கரம் குழிக்குள் இறங்கிவிட்டது.

யாருக்கும் அடியில்லை. வண்டிதான் மூக்குக் குத்திக் கிடந்தது. கூட்டம் கூடியது. கூட்டத்துக்கு அவளை அடையாளம் தெரிந்தது. கைகள் உயர்ந்தன, எல்லாக் கையிலும் கைப்பேசி. யாரோ போன் போட்டுச் சொல்ல, சாலைப் பிரிவு அதிகாரியும் ஜீப்பில் வந்து இறங்கினார். அவளைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னக்கா, நீங்களே கண்ணாடியப் பார்க்கலையா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் வாயைத் திறந்தாள். எத்தனையோ வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள் என்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள். அப்படி அவள் வாயை மூடியது அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் முட்டியது.

டிரைவர் பக்கக் கதவு திறந்தது. நர்ஸம்மா இறங்கி நேராக அதிகாரி முன்னால் போய் நின்றார்.

"என்ன சிரிப்பு?" என்றார். முதல் தடவை குரல் நடுங்கியது. இரண்டாம் தடவை கணீரென்று வந்தது. "என்ன சார் சிரிப்பு? காலு ஒடிஞ்சு வர்றவங்களுக்குக் கட்டுப் போடறவ நான். சிரிக்கிற மாதிரி எதையும் நான் பார்த்ததில்ல. இவங்க வந்து சொன்னாங்களா இல்லையா? நீங்க டீ குடுத்து, போட்டோ எடுத்துக்கிட்டீங்களா இல்லையா? இந்தக் குழியில ஒரு பொண்ணு விழுந்து செத்திருந்தா, அங்கயும் நின்னு போட்டோ எடுத்துக்குவீங்களா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் குரலை அவர்கள் எந்தப் படத்திலும் கேட்டிருக்கவில்லை. கைப்பேசிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அதிகாரி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாருக்கோ போன் போட்டார். அங்கே நின்றவர்களே வண்டியைத் தூக்கி வெளியே வைத்தார்கள். அந்த வாரமே புது மூடி வந்து உட்கார்ந்தது.

அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. ராத்திரி சாப்பிடும்போது அதை வீட்டுக்காரரிடம் ஒளிக்கவில்லை. "நான் தொண்டை கிழியக் கத்தினேன், அசையலை. அவங்க நாலு வார்த்தை கேட்டாங்க, மூடி வந்துடுச்சு. அது என்னோட கோபம். அவங்க எடுத்துப் போட்டுக்கிட்டாங்க."

 "அந்தப் படத்தைப் பார்த்து நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார் வீட்டுக்காரர்.  அவள் தன் தட்டோடு சேர்த்து அவர் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

நர்ஸம்மா டெஸ்ட்டில் தேறினார். கடைசி வகுப்பு முடிந்து இறங்கும்போது, "நல்லா ஓட்டினேனாக்கா?" என்று கேட்டார்.

"ஓட்டுறது பரவால்ல" என்றாள் அவள். "அன்னிக்கு அந்த அதிகாரியைக் கேட்டீங்களே, ஆரம்பத்துல குரல் நடுங்குச்சு. அடுத்த தடவை மூச்சை நல்லா இழுத்துக்கிட்டு அப்புறமா ஆரம்பிங்க. கையையும் அவ்வளவு ஆட்டக் கூடாது."

நர்ஸம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.